பெருந்தொற்றுக்குப் பிறகு பயணத்தில் எவை தங்கின, எவை போயின

உலகம் முழுவதும் பரவும் ஒரு நோய்க்குப் பிறகு மக்கள் பயணம் செய்யும் முறை எப்படி மாறும், அந்த மாற்றங்கள் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2020ஆம் ஆண்டில் இதைக் கேட்டவர்களுக்கு ஊகங்கள் மட்டுமே பதிலாகக் கிடைத்தன. இன்று நம்மிடம் நடந்து முடிந்த அனுபவம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்டைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. 2023 மே 5 அன்று உலகளாவிய நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பயணத்தின் மீது சுமத்தப்பட்ட கட்டுப்பாடுகளில் எவை இன்றும் இருக்கின்றன, எவை சுவடின்றி மறைந்தன என்று பார்த்தாலே, அடுத்த பெருந்தொற்றின்போது என்ன நடக்கும் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிட முடியும்.

முதலில், மாறாமல் போனதைச் சொல்லிவிடுகிறேன். மக்களுக்குப் பயணத்தின் மீதிருந்த ஆசை குறையவில்லை. 2019இல் உலக அளவில் சுமார் 146 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணங்கள் 2020இல் சுமார் 40 கோடியாகச் சரிந்தன; 2024இல் அவை ஏறக்குறைய 140 கோடியைத் தொட்டுவிட்டன. கூட்டத்தைக் கண்டு மக்கள் இனி அஞ்சுவார்கள், திருவிழாக்களுக்கும் மலைவாசத் தலங்களுக்கும் போவது குறையும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. 2022 கோடைக்காலத்தில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம், வேலைக்கு ஆள் போதாமல், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புறப்பட முடியாது என்று உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த ஆசை ஒரே நேரத்தில் பொங்கி எழுந்ததன் விளைவு அது.

மாறியது எது என்றால், பயணம் செய்ய ஒருவர் முன்கூட்டியே நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளும், அந்த நிபந்தனைகளின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுமே. இதில் ஒரு ஒழுங்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நோய் பரவிய காலத்தில் வந்த மாற்றங்களில், நோய்க்கு முன்பே ஏதோ ஒரு நிர்வாகமோ நிறுவனமோ விரும்பிக் காத்திருந்தவைதான் பெரும்பாலும் தங்கின. யாருக்கும் வேண்டாதவை நோயோடு சேர்ந்து போய்விட்டன. விமானத்தில் நடு இருக்கையைக் கூடியவரை காலியாக விட வேண்டும், முடியாவிட்டால் அதில் அமர்பவருக்கு உடலை மூடும் அங்கி தர வேண்டும் என்று 2020 ஜூனில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது. இருக்கையைக் காலியாக விட எந்த நிறுவனத்துக்கும் விருப்பமில்லை, அங்கியைப் போர்த்திக்கொள்ள எந்தப் பயணிக்கும் விருப்பமில்லை. எனவே இன்று அப்படியொரு விதி இருந்ததைப் பலர் மறந்தே விட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதை இந்திய ரயில்வேயில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கையில் மிக அதிகமான சாதாரண மக்களைத் தொட்ட மாற்றம் அதுதான். 2020 மார்ச் வரை 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. முன்பதிவு செய்யும்போது வயதைக் குறிப்பிட்டுச் சலுகை கோரினால் போதும். பயணத்தின்போது வயதுக்கான ஆதாரம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2020 மார்ச் 20 அன்று இந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. நோய் முதியவர்களைத்தான் கடுமையாகத் தாக்குகிறது, அவர்கள் தேவையில்லாமல் பயணம் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். அன்றைய சூழலில் அந்தக் காரணத்தை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நோய் தணிந்தது. ஏசி பெட்டிகளில் நிறுத்தப்பட்டிருந்த கம்பளியும் தலையணையும் 2022 மார்ச்சில் திரும்பி வந்தன. சாதாரண பாசஞ்சர் ரயில்களை விரைவு ரயில், சிறப்பு ரயில் என்ற பெயரில் ஓட்டி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயாக வாங்கிக்கொண்டிருந்த ஏற்பாடுகூட, பல ஆண்டு முறையீடுகளுக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் பழைய நிலைக்குத் திரும்பியது. முதியோர் சலுகை மட்டும் திரும்பவில்லை. படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசி பெட்டியிலுமாவது அதைத் திருப்பித் தருவது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் பலனில்லை. எல்லாப் பயணிகளுக்குமே பயணச் செலவில் ஏறக்குறைய பாதியை ரயில்வே ஏற்கிறது என்ற நிதிக் கணக்கே பதிலாக வந்தது.

காரணம் எப்படி மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். நிறுத்தும்போது சொன்னது உடல்நலம். திருப்பித் தராதபோது சொல்வது வரவு செலவு. கோவிட்டுக்கு முன்பே, 2017 வாக்கில், வசதியுள்ள முதியவர்கள் தாமாக முன்வந்து இந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்று ரயில்வே கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது வேண்டுகோளாக இருந்தது நோய்க்காலத்தில் உத்தரவாகிவிட்டது. ஓய்வூதியம் இல்லாத, மகன் அனுப்பும் பணத்தில் மருத்துவமனைக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போய்வரும் ஒரு தாயாருக்குப் பாதிக் கட்டணம் என்பது சிறிய தொகை அன்று. பெருந்தொற்று பயணத்தை எப்படி மாற்றியது என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

அடுத்தது எல்லை கடக்கும் பயணம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் முன்பு விமானத்திலேயே ஒரு சிறிய அட்டையை நிரப்பி, இறங்கியதும் அதிகாரியிடம் நீட்டுவார்கள். எழுதத் தெரியாதவருக்கு அருகில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார். அதற்குப் பதிலாக மின்னணு அட்டை ஒன்றை சிங்கப்பூர் 2018 முதலே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. 2020 மார்ச் 27 முதல் உடல்நல அறிவிப்பும் அதோடு சேர்ந்து கட்டாயமானது. இன்றும் அது கட்டாயம்தான். சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் அதை நிரப்ப வேண்டும். மலேசியா 2024 தொடக்கத்திலும், தாய்லாந்து 2025 மே மாதத்திலும் இதே வழிக்கு வந்துவிட்டன.

இளைஞர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. பேரப்பிள்ளையைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறும் ஒரு பாட்டிக்கு அப்படியில்லை. விமான நிலையத்தில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் வரிசையில் நின்று பார்த்தால் இது புரியும். முகப்பில் இருக்கும் பெண் "அரைவல் கார்டு போட்டாச்சாம்மா?" என்று கேட்பார். பாட்டி பையிலிருந்து பாஸ்போர்ட்டையும், மகன் எழுதி அனுப்பிய முகவரிச் சீட்டையும் எடுத்து நீட்டுவார். அது இல்லை என்று தெரிந்ததும் வரிசையிலிருந்து ஒதுங்கி நின்று, மகனுக்குத் தொலைபேசியில் அழைத்து, அவன் அங்கிருந்தே நிரப்பி முடித்து, உறுதிச் சீட்டைக் கைப்பேசிக்கு அனுப்பும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இந்தப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தளங்கள் இதற்குப் பணம் வாங்குகின்றன. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது தனியாகக் கிளம்பினால், அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே நிரப்பி, ஒரு பிரதியை அச்சிட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இந்திய விமான நிலையங்களில் முகத்தை வைத்தே பயணியை உள்ளே விடும் டிஜியாத்ராவும் இதே வரிசையில் வருவதுதான். அதற்கான கொள்கை 2018இலேயே வெளியானது; எதையும் தொடாமல் செல்லலாம் என்பது பெருந்தொற்றுக் காலத்தில் அதற்கு ஒரு கூடுதல் நியாயமாக அமைந்தது; 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் தொடங்கி இப்போது சென்னை உட்படப் பல இடங்களில் இருக்கிறது. சட்டப்படி இது கட்டாயமில்லை. விரும்பாதவர்கள் வழக்கம்போல அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கருவி ஒன்றாகவும் பயன் வேறாகவும் ஆன ஒரு நிகழ்வு நம் ஊரிலேயே இருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. சொந்தத் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போக விண்ணப்பித்து, அனுமதி வருமா வராதா என்று காத்திருந்த குடும்பங்களின் வலியை நாம் மறந்துவிட முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலத்துக்குள் அது பொதுவாக நீக்கப்பட்டது. ஆனால் 2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு அதே இ-பாஸ் முறையைக் கொண்டுவர உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் இன்னும் ஒரு படி மேலே போய், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு முறையே 4000, 6000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்த வரம்பு இல்லை.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடியில் இப்போது வண்டியை நிறுத்தினால், கைப்பேசியில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஊழியர் சரிபார்க்கிறார். பதிவு செய்யாமல் வந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டி, கைப்பேசியில் விவரங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நோய்க்காலத்தில் இந்தப் பாஸ் மனிதர்களை மனிதர்களிடமிருந்து பிரித்து வைக்கப் பயன்பட்டது. இன்று அது ஒரு மலை எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்ற கேள்வியோடு சேர்ந்திருக்கிறது. அதைக் கணக்கிடும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டிருக்கிறது. கூடலூர், குன்னூர் வணிகர்கள் வரம்பை எதிர்த்துக் கடையடைப்பு செய்ததற்கு நியாயமான காரணம் உண்டு. கோடை மூன்று மாத வருமானத்தில்தான் பலருக்கு ஆண்டு முழுவதும் அடுப்பு எரிகிறது. ஆனாலும் மலைப்பாதையில் மணிக்கணக்கில் நிற்கும் வாகன வரிசையில் ஆம்புலன்ஸ் ஒன்று சிக்கிக்கொள்வதைப் பார்த்தவர்கள் யாரும் வரம்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். என் கருத்தில், பெருந்தொற்று விட்டுச் சென்றவற்றில் திருத்திப் பயன்படுத்தத் தக்கது இது ஒன்றுதான். இத்தாலியின் வெனிஸ் நகரம் ஒருநாள் பயணிகளிடம் 2024 ஏப்ரல் 25 முதல் 5 யூரோ வாங்கத் தொடங்கியதும் இதே வகையில் சேரும். அந்தத் திட்டமும் கோவிட்டுக்கு முன்பே வகுக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டிருந்ததுதான்.

சுமை யார் தலையில் விழுகிறது என்று மேலே சொன்னேன். இது 2020இல் பிறந்த பிரச்சினை அன்று. கப்பல் காலத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும்போது, காலராவுக்கும் அம்மைக்கும் அஞ்சி, தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசு நடத்திய முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குப் போன கப்பல்களில் மேல்தளத்தில் சுருண்டு படுத்து வந்தவர்கள் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கப்பட்டு நாட்கணக்கில் காத்திருந்தார்கள். அறை எடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் நேரே நகரத்தில் இறங்கினார்கள். கிருமிக்கு வகுப்பு வேறுபாடு தெரியாது, தனிமைப்படுத்தும் விதிக்குத் தெரிந்திருந்தது. 2020இல் சிங்கப்பூரில் தொற்று மிகுதியாகப் பரவியது வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில். அங்கே தங்கியிருந்தவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம். மற்றவர்களுக்கு 2022 ஏப்ரலில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகும், அவர்கள் விடுதியை விட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஜூன் மாதத்தில் அது தளர்ந்தபோதும், லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் செல்லத் தனிப் பாஸ் கேட்கப்பட்டது. வாரம் ஒருநாள் நண்பனோடு உட்கார்ந்து ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவதும் ஒரு பயணம்தான். அதற்கும் முன்பதிவு வேண்டியிருந்தது.

தடுப்பூசிச் சான்றிதழ் விஷயத்திலும் இதே சமமின்மையைக் கண்டோம். இந்தியாவில் உருவான கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3 அன்றுதான் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள், வளைகுடாவில் வேலையிருந்தும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தும், பல நாடுகளின் கணக்கில் ஊசியே போடாதவர்களாக இருந்தார்கள். அதே நவம்பரின் இறுதியில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஒமிக்ரான் திரிபைக் கண்டறிந்து உடனே உலகுக்கு அறிவித்தார்கள். அதற்குக் கிடைத்த பலன், ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளின் மீது விமானத் தடை. உண்மையைச் சொன்னவனுக்குத்தான் கதவு சாத்தப்படும் என்றால் அடுத்த முறை யார் முதலில் சொல்லத் துணிவார்கள் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

சிறிய ஊர்களை இணைக்கும் தடங்கள் முதலில் அறுந்து, கடைசியில் ஒட்டுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பல பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2019 நவம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மாதங்களில் பெருந்தொற்று அதை நிறுத்தியது. கொழும்பு விமான நிலையம் 2021 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் விமானம் மீண்டும் இறங்கியது 2022 டிசம்பர் 12 அன்று. கொழும்பு வழியாகச் சுற்றிக்கொண்டு, இரவெல்லாம் பேருந்திலோ ரயிலிலோ வடக்கே போனவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டு இடைவெளியின் பொருள் தெரியும். பெருநகரங்களுக்கு இடையிலான தடங்களை நிறுவனங்கள் லாபத்துக்காகவே மீட்டுவிடும். சிறு தடங்களை மீட்க அரசுகள் தலையிட்டாக வேண்டும்.

அலுவலகப் பயணங்கள் பற்றியும் கேட்பீர்கள். ஒருநாள் கூட்டத்துக்காகக் காலையில் போய் இரவில் திரும்பும் பயணங்கள் பல இடங்களில் காணொளிச் சந்திப்புகளாகிவிட்டன. ஒப்பந்தம் பேசவும் ஆலையைப் பார்வையிடவும் இன்னும் நேரில்தான் போகிறார்கள். சுற்றுலாவை நம்பியிருக்கும் நாடுகள் இழந்த வருமானத்தை மீட்க இந்தியர்களுக்கு வாசலை அகலத் திறந்ததும் உண்மை. தாய்லாந்து 2023 நவம்பரிலும், மலேசியா அதே டிசம்பரிலும் விசா தேவையை நீக்கின. விசா போய்விட்டது, ஆனால் முன்பு சொன்ன மின்னணு அட்டை வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எல்லைகள் முன்பைவிட வேகமாக மூடப்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூடுவதற்கான கருவிகள் எல்லாம் இப்போது தயாராக இருக்கின்றன. யார் எங்கிருந்து வருகிறார், எங்கே தங்குவார் என்பது பயணிக்கு முன்பே அதிகாரியின் திரைக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார விதிகள் 2024இல் திருத்தப்பட்டு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஒரு நாடு தன் எல்லையை மூடுவதைத் தடுக்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கு இன்றும் இல்லை. நம்பிக்கை தரும் வளர்ச்சி வேறு பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2021 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் விரும்பித் தரும் மாதிரிகளையும், பின்னர் விமானக் கழிவறைகளின் கழிவுநீரையும் சோதித்துப் புதிய திரிபுகளைக் கண்டறிகிறார்கள். ஒரு விமானத்தின் கழிவுநீரைச் சோதித்தால், அதில் வந்தவர்களில் எவர் மூக்கிலும் குச்சியை நுழைக்காமலேயே, எந்த நாட்டின் மீதும் தடை போடாமலேயே, என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இந்திய விமான நிலையங்கள் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

தனிமனிதராக நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சீட்டு வாங்கும்போது, நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் பணம் கைக்கு வருமா, அடுத்த பயணத்துக்கான வரவாக மட்டும் வைத்துக்கொள்வார்களா என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2020இல் இந்தியாவில் பல லட்சம் பேரின் பணம் இப்படி மாட்டிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1 அன்று தலையிட்டு, ஊரடங்குக் காலத்தில் அதே காலப் பயணத்துக்காகப் பதிவு செய்தவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர உத்தரவிட்ட பிறகே பலருக்கு வழி பிறந்தது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று கோவிட் சான்றிதழைக் கொண்டுவந்தபோது, அந்தச் சட்டத்திலேயே அதன் காலாவதி நாளையும் எழுதி வைத்தது. ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றபோது மறுபடியும் நாடாளுமன்றத்தில் விவாதித்து வாக்கெடுத்தார்கள். 2023 ஜூன் 30 அன்று அது முடிந்தது. நம் முதியோர் ரயில் சலுகையை நிறுத்திய உத்தரவில் இருந்ததோ மறு அறிவிப்பு வரும்வரை என்ற நிபந்தனை மட்டும்தான். அடுத்த முறை நோயின் பெயரால் பயணத்தின் மீது எந்தக் கட்டுப்பாடு வந்தாலும், அது முடியும் தேதி அந்த உத்தரவிலேயே இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்க வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும் முதியோர் சலுகைக்கும் அப்படியொரு தேதியை இப்போதே கேட்கலாம்.